நூறு பேர், நள்ளிரவு, ஒலிபெருக்கி: பிரிட்டனின் ரேவ் சட்டம் யாரைப் பிடித்தது?

ரேவ் என்பது திறந்தவெளியிலோ காலிக் கட்டடத்திலோ மின்னணு நடன இசைக்கு இரவு முழுவதும் ஆடும் கூட்டம். அந்த இசையின் ஒரு வகை டெக்னோ. பிரிட்டனில் 1994 நவம்பர் 3 அன்று அரச ஒப்புதல் பெற்ற குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தை, 'டெக்னோவைத் தடை செய்த சட்டம்' என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத் துடிப்புகளும் 'இசை'யில் அடங்கும் என்று அதன் 63-ஆம் பிரிவு சொல்வதுதான் காரணம். அந்த வரி எந்த இசை வகையையும் தடை செய்யவில்லை. 'நாங்கள் போட்டது பாட்டே இல்லை, வெறும் இயந்திர ஓசை' என்று நீதிமன்றத்தில் யாரும் நழுவிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. எந்தத் தாளச் சுற்றும் முந்தைய சுற்றைப் போல இல்லாதபடி ஆட்டெக்கர் என்ற மின்னணு இசைக் குழு அதே ஆண்டு ஓர் இசைத்துண்டை வெளியிட்டுச் சட்டத்தைக் கேலி செய்தது. நல்ல கேலிதான். வழக்கில் உதவியிருக்காது.

சட்டத்தின் கண் வேறிடத்தில் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல், சில மணி நேரத்தில், ஆயிரக்கணக்கானவர்களை ஓரிடத்தில் சேர்க்கும் திறன்தான் அரசை உறுத்தியது. அந்தத் திறனைக் கொண்டாட்டக்காரர்களும் போராட்டக்காரர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். கொண்டாட்டத்தைக் காட்டிக் கொண்டுவந்த அதிகாரங்கள் போராட்டத்தின் மேல் பாய்ந்ததும் அதே வழியாகத்தான்.

தொலைபேசி எண்ணும் வாகன வரிசையும்

பெரிய ஸ்பீக்கர்களையும் இசைத்தட்டு போடுபவர்களையும் கொண்ட நடமாடும் குழு, அதாவது சவுண்ட் சிஸ்டம், என்ற ஏற்பாடே ஜமைக்காவிலிருந்து வந்தது. கரீபியக் குடியேறிகள் லண்டன் வீடுகளின் நிலவறைகளில் நடத்திய இரவு விருந்துகளுக்குள் போலீஸ் புகுந்து ஸ்பீக்கர்களை உடைத்த கதைகள் 1970-களிலேயே ஏராளம். வெள்ளை இளைஞர்கள் பெருவாரியாக வந்தபோதுதான் அது 'தேசியப் பிரச்சினை' ஆனது.

1988-89-இல் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பரவியபோது, லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலை புதிதாக முழுமை பெற்றிருந்தது. அமைப்பாளர்கள் இடத்தை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். டிக்கெட்டில் ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தால் பதிவுசெய்த குரல் ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்துக்குப் போகச் சொல்லும். அங்கே கார்கள் சேர்ந்த பிறகுதான் கடைசி முகவரி வெளியாகும். மொபைல் போனிலிருந்தே அந்தப் பதிவை மாற்ற முடிந்தது. இதில் எல்லாமே ஓர் எண்ணிக்கை விளையாட்டு. போலீஸ் வந்து சேரும்போது வயலில் இருநூறு பேர் என்றால் கலைத்துவிடலாம். ஐயாயிரம் பேர் என்றால், இருட்டில் கலைக்கப் போனால் நெரிசலில் ஆள் சாவார்கள் என்று அதிகாரியே பின்வாங்குவார். 1989 ஜூனில் ஒயிட் வால்தம் விமானத்தளத்தில் நடந்த சன்ரைஸ் நிகழ்ச்சிக்குச் சுமார் 11,000 பேர் வந்தது இப்படித்தான்.

போலீஸும் அதே ஆட்டத்தைக் கற்றது. அதே ஆண்டு, கென்ட் காவல்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் கென் டப்பென்டன் தலைமையில் கட்டண ரேவ்களைக் கண்காணிக்கும் 'பே பார்ட்டி யூனிட்' உருவானது. அவர்களும் அந்த எண்களை அழைத்தார்கள், ஜெனரேட்டர் வாடகைக் கடைகளை விசாரித்தார்கள், நில உரிமையாளர்களை முன்கூட்டியே எச்சரித்தார்கள். 1990-இல் லூட்டன் எம்.பி. கிரஹாம் பிரைட் கொண்டுவந்த சட்டம், உரிமமில்லாத நிகழ்ச்சிக்கான அபராதத்தை 2,000 பவுண்டிலிருந்து 20,000 பவுண்டாக உயர்த்தி, ஆறு மாதச் சிறையையும் சேர்த்தது. 'கொண்டாடும் சுதந்திரம்' என்ற பெயரில் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூட்டம் போட்டுப் பார்த்தார்கள், பலனில்லை. அந்த ஜூலையில் லீட்ஸ் அருகே கில்டர்சம்மில் ஒரே இரவில் 836 பேர் கைதானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மிகச் சிலரே.

பிரைட் சட்டம் காசு வாங்கும் அமைப்பாளரைத்தான் பிடித்தது. காசே வாங்காதவர்களை என்ன செய்வது? 'ஃப்ரீ பார்ட்டி' அந்த ஓட்டை வழியாக வளர்ந்தது.

காசல்மோர்ட்டன்: துரத்தியதால் பெருத்த கூட்டம்

1985 ஜூன் 1 அன்று ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தை நோக்கிப் போன நாடோடிப் பயணிகளின் பேருந்துகளை வில்ட்ஷயர் போலீஸ் மறித்து அடித்து, 500-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. அன்றிலிருந்து அந்தப் பயணிகள் கோடை முழுவதும் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களிடம் வண்டிகள் இருந்தன, திறந்தவெளியில் வாழும் பழக்கம் இருந்தது. நகரத்து இளைஞர்களிடம் ஸ்பீக்கர்கள் இருந்தன. இரண்டும் சேர்ந்தன.

1992 மே மாதம் ஏவன் மாவட்டத்தில் வழக்கமாக நடக்கும் இலவசத் திருவிழாவை ஏவன் அண்டு சாமர்செட் போலீஸ் தடுத்தது. வண்டிகள் எல்லை தாண்டி வடக்கே போயின. பக்கத்து மாவட்ட போலீஸ் தயாராக இல்லை. கடைசியில் அனைவரும் மால்வெர்ன் மலையடிவாரத்தில், காசல்மோர்ட்டன் பொதுநிலத்தில் நின்றார்கள். தொலைக்காட்சிச் செய்தி அந்த இடத்தைக் காட்ட, இலவச விளம்பரமே ஆகிவிட்டது. மே 22-இல் தொடங்கி ஒரு வாரம் நீடித்த அந்தக் கூட்டத்துக்கு 20,000 முதல் 40,000 பேர் வரை வந்ததாகக் கணக்குகள் சொல்கின்றன. ஸ்பைரல் ட்ரைப், டி.ஐ.ஒய். போன்ற குழுக்களின் ஒலி அமைப்புகள் இரவு பகலாக ஓடின. பெரிய கூட்டத்தை ஒரு மாவட்டம் தன் எல்லையை விட்டுத் துரத்தினால், அது இன்னும் பெரிதாகி அடுத்த மாவட்டத்தில் இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஊர்க்காரர்களின் குறை பொய்யில்லை. கழிப்பறை இல்லாத நிலத்தில் அத்தனை பேர் ஒரு வாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாய்கள் ஆடுகளைத் துரத்தின. தூக்கம் போயிற்று. ரேவ் வரலாற்றை எழுதுகிறவர்களில் பலர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அது நேர்மையில்லை.

ஸ்பைரல் ட்ரைப்பைச் சேர்ந்த 13 பேர் மீது பொதுத் தொல்லைக்குச் சதி செய்ததாக வழக்குப் போட்டார்கள். பத்து வாரம் நடந்து, 1994-இல் அனைவரும் விடுதலையானார்கள். செலவு சுமார் 40 லட்சம் பவுண்டு. தலைவரே இல்லாத கூட்டத்தில் 'அமைப்பாளர்' யார் என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று இந்த வழக்கு காட்டியது. அமைப்பாளரை நிரூபிக்கத் தேவையில்லாத சட்டம் அதே ஆண்டு வந்தது.

63-ஆம் பிரிவு வேலை செய்யும் விதம்

1994-இல் இருந்தபடி, திறந்தவெளியில் 100 பேர் அல்லது அதற்கு மேல், இரவில், பெருக்கிய இசை, அதன் சத்தமும் நீளமும் நேரமும் அப்பகுதி மக்களுக்குக் கடும் துன்பம் தரக்கூடியது என்ற நிலை. இவ்வளவும் சேர்ந்தால்தான் பிரிவு பொருந்தும். நில உரிமையாளர் அனுமதித்திருந்தாலும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உரிமம் பெற்ற நிகழ்ச்சிக்கு விலக்கு உண்டு.

கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, இரண்டு பேர் ஏற்பாடு செய்கிறார்கள் என்றோ, பத்துப் பேர் தொடங்கக் காத்திருக்கிறார்கள் என்றோ, பத்துப் பேர் கலந்துகொண்டிருக்கிறார்கள் என்றோ நியாயமாக நம்பினால் போதும். பொருட்களை எடுத்துக்கொண்டு வெளியேறச் சொல்லலாம். நூறு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உத்தரவைத் தெரிந்துகொண்டும் போகாதவருக்கும், ஏழு நாளுக்குள் திரும்பி வருபவருக்கும் மூன்று மாதம்வரை சிறை, 2,500 பவுண்டுவரை அபராதம், அல்லது இரண்டும். 65-ஆம் பிரிவின்படி, சீருடையில் உள்ள எந்தக் காவலரும் ஐந்து மைல் சுற்றளவுக்குள் காரை நிறுத்தித் திருப்பி அனுப்பலாம்.

உண்மையில் வலிப்பது 64-ஆம் பிரிவுதான். வண்டியையும் ஒலிக் கருவிகளையும் பறிமுதல் செய்யலாம். தண்டனை கிடைத்தால் நீதிமன்றம் கருவிகளை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழுவின் மொத்த முதலீடும் அதுதான்: பேஸ் எனும் தாழ்ந்த அடிநாதத்துக்கான பெட்டிகள், ஆம்ப்ளிஃபையர்கள், மிக்சர், பேஸ் அடிக்கும்போது மின்னழுத்தம் இறங்காமல் தாங்கும் டீசல் ஜெனரேட்டர், இவற்றைச் சுமக்கும் வேன். பல ஆண்டுச் சேமிப்பு ஒரு காலையில் போய்விடும். அதனால்தான் போலீஸ் பெரும்பாலும் இரவில் மோதாது. வாசலில் ஆள் நிறுத்தி, புது வண்டிகளைத் தடுத்து, விடியும்வரை காத்திருக்கும். கூட்டம் வடிந்து, களைத்த முப்பது பேர் மட்டும் மிஞ்சும் நேரத்தில் உள்ளே போய் ஸ்பீக்கர்களை ஏற்றிச் செல்லும்.

2003-இன் சமூக விரோத நடத்தைச் சட்டம் நூறை இருபதாக்கியது. அத்துமீறி நுழைந்திருந்தால், கட்டடத்துக்குள் நடப்பதும் சேர்ந்துகொண்டது. காலியான கிடங்கில் நடக்கும் பார்ட்டிகளும் அன்றோடு வலைக்குள் வந்தன.

பக்கத்து ஊருக்கு ஏன் பேஸ் மட்டும் கேட்கிறது

மோதல்களில் பெரும்பகுதி ஒரு புகார் அழைப்பில்தான் தொடங்குகிறது. அந்த அழைப்பு ஏன் வருகிறது என்பது இயற்பியல். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கருக்கு 30 மீட்டரில் 100 என்றால், 60 மீட்டரில் 94, 120-இல் 88. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் 70. காற்றும் நிலமும் மரங்களும் உயர் அலைவெண்களைத் தின்றுவிடும். 50 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளமோ கிட்டத்தட்ட ஏழு மீட்டர். வேலியும் சுவரும் அதற்கு ஒரு பொருட்டில்லை. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து மேலே வெப்பக்காற்று நின்றால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். மாலையில் சோதித்தபோது யாருக்கும் கேட்காதது இரண்டு மணிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஜன்னலை அதிரவைப்பது இதனால்தான்.

அளவுகோலிலும் ஒரு கோளாறு உண்டு. காதின் உணர்வை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து மதிப்பிடும் வழக்கமான ஏ-எடை அளவீடு 63 ஹெர்ட்ஸ் ஒலியை 26 டெசிபல் குறைத்தே காட்டும். எண் ஒழுங்காக இருக்கும், மனிதர் தூங்க முடியாமல் தவிப்பார். பிரிட்டனின் 1995 கச்சேரி ஒலி நெறிமுறை இதை ஓரளவு உணர்ந்திருந்தது. ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று நாள் கச்சேரி நடக்கும் நகர மைதானங்களுக்கு, பாதிக்கப்படும் வீட்டின் வெளியே 15 நிமிடச் சராசரி 75 டெசிபல். மற்ற நகர்ப்புற, கிராமப்புற இடங்களுக்கு 65. இரவு 11-க்கு மேல் வீட்டுக்குள் கேட்கவே கூடாது. 63, 125 ஹெர்ட்ஸ் பட்டைகளைத் தனியாகக் கவனிக்கும்படியும் அதன் குறிப்பு சொன்னது.

அனுபவமுள்ளவர்கள் செய்வது இதுதான். ஸ்பீக்கரை ஊருக்கு எதிர்ப்புறமாகத் திருப்புவார்கள். பேஸுக்கு அது மட்டும் போதாது என்பதால், சில பெட்டிகளைப் பின்பக்கம் திருப்பி, துருவம் மாற்றி, சிறு தாமதம் கொடுத்து, பின்னால் போகும் பேஸை ஒன்றையொன்று அழிக்க வைப்பார்கள். சரியாக அமைந்தால் பின்புறம் 10 டெசிபலுக்கு மேல் குறையும். தாமதக் கணக்கு தவறினால் ஆடும் இடத்திலேயே பேஸ் செத்துப்போகும். தொலைவிலுள்ள வீட்டருகே ஒருவரை நிறுத்தி மணிக்கு ஒருமுறை அளந்து சொல்ல வைப்பதும் பழக்கம். இவ்வளவும் செய்யும் குழுக்களுக்குப் புகார் குறைவு. செய்யாதவர்கள் மற்ற எல்லோருக்கும் சேர்த்துக் கெடுத்தார்கள் என்பதே என் கணிப்பு.

ஸ்பீக்கர் வீதிக்கு வந்தது

1994 மசோதாவில் நடன இசை ஒரு சிறு மூலைதான். நாடோடிகளுக்கு இடம் ஒதுக்கும் உள்ளாட்சிக் கடமை நீக்கப்பட்டது. கைதானவர் மௌனம் காத்தால் அதைப் பாதகமாகக் கொள்ளலாம் என்றானது. 68-ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் நுழைந்து சட்டப்படியான வேலையைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. வேட்டை எதிர்ப்பாளர்களும் சாலை எதிர்ப்பாளர்களும் இதன் குறி. 70-ஆம் பிரிவு, நான்கு நாள்வரை ஐந்து மைல் சுற்றளவில் 20 பேரோ அதற்கு மேலோ அத்துமீறிக் கூடுவதைத் தடைசெய்ய வழி செய்தது. உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்ட். எதிர்க்கட்சியான லேபர் இரண்டாம் வாசிப்பில் எதிர்த்து வாக்களிக்கவில்லை. அப்போது அக்கட்சியின் நிழல் உள்துறை அமைச்சர் டோனி பிளேர்.

எதிர்ப்பு கீழிருந்துதான் வந்தது. சவுண்ட் சிஸ்டம் குழுக்கள் 'அட்வான்ஸ் பார்ட்டி' என்று ஒன்று சேர்ந்தன. மே, ஜூலை, அக்டோபர் என 1994-இல் லண்டனில் மூன்று பேரணிகள். அக்டோபர் 9 அன்று ஹைட் பார்க்குக்குள் ஒலி அமைப்புகளை விட போலீஸ் மறுத்ததில் தொடங்கிய தள்ளுமுள்ளு குதிரைப்படை, தடியடி என்று இரவுவரை நீண்டது. மசோதா நின்றுவிடவில்லை. ஆனால் அதுவரை ஒருவரையொருவர் அறியாத ரேவர்கள், வீடு ஆக்கிரமிப்பாளர்கள், வேட்டை எதிர்ப்பாளர்கள், நாடோடிகள் ஒரே பட்டியலில் தங்கள் பெயர்களைப் பார்த்தார்கள். சட்டமே செய்துவைத்த அறிமுகம்.

கிழக்கு லண்டனில் எம்11 இணைப்புச் சாலைக்காக இடிக்கவிருந்த கிளேர்மான்ட் தெருவை அந்த ஆண்டு நவம்பர் இறுதிவரை ஆக்கிரமித்திருந்தவர்களிடமிருந்து, தெருக்களைக் கார்களிடமிருந்து மீட்கப் போராடிய 'ரிக்ளெய்ம் தி ஸ்ட்ரீட்ஸ்' இயக்கம் புத்துயிர் பெற்றது. 1995 மே 14 அன்று கேம்டன் ஹை ஸ்ட்ரீட்டில் இரண்டு பழைய கார்களை வேண்டுமென்றே மோதவிட்டு, ஓட்டுநர்கள் சண்டை போடுவதுபோல் நடித்துப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் கூட்டம் சாலையை நிரப்பியது. சைக்கிள் மிதித்து ஓடும் ஒலி அமைப்பு பாடியது. வேறு சமயங்களில் மூன்று சாரக் குழாய்களை நுனியில் கட்டி முக்காலியாக நிறுத்தி, உச்சியில் ஒருவர் ஏறி உட்கார்ந்துகொள்வார். குழாயை அசைத்தால் ஆள் விழுந்து சாவார் என்பதால் தூக்கு ஏணி வண்டி வரும்வரை போலீஸால் ஒன்றும் செய்ய முடியாது. முழு இடத்தைச் சிலருக்கு மட்டும் சொல்லி, மற்றவர்களை ஒரு ரயில் நிலையத்தில் கூடச் செய்து அழைத்துப்போகும் முறை ரேவிலிருந்து அப்படியே வந்தது.

1996 ஜூலை 13 அன்று லண்டனின் எம்41 நெடுஞ்சாலையை ஆயிரக்கணக்கானவர்கள் பிடித்தார்கள். பொய்க்கால்களில் நின்ற உருவங்களின் பெரும் பாவாடைகளுக்கு அடியில் ஒளிந்தவர்கள் துளையிடும் கருவியால் தாரைப் பெயர்த்து மரக்கன்று நட்டார்கள். துளையிடும் சத்தத்தை டெக்னோ மறைத்தது. ஒலிபெருக்கிக்கு இதைவிட நேரடியான அரசியல் பயன் வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

நீதிமன்றம் ஒருமுறை கைகொடுத்தது. 1995 ஜூன் 1 அன்று ஸ்டோன்ஹெஞ்ச் அருகே சாலையோரப் புல்வெளியில் நின்ற 21 பேரை 70-ஆம் பிரிவின் கீழ் போலீஸ் கலைக்க, அந்த வழக்கு அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை போனது. பிறர் போக்குவரத்தைத் தடுக்காமல் பொதுச்சாலையில் அமைதியாகக் கூடுவது அத்துமீறல் ஆகாது என்று 1999-இல் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 68-ஆம் பிரிவிலோ 2003 திருத்தம் 'திறந்தவெளி' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. விளைவு 2011 மார்ச்சில் தெரிந்தது. வரி ஏய்ப்புக்கு எதிராக லண்டனின் ஃபோர்ட்னம் அண்டு மேசன் கடைக்குள் உட்கார்ந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இதே பிரிவைச் சொல்லித்தான் கைது செய்தார்கள்.

சட்டப்படி நடத்த நினைப்பவருக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு நிகழ்ச்சிக்குத் தற்காலிக நிகழ்ச்சி முன்னறிவிப்பு என்ற வழி உண்டு. கட்டணம் 21 பவுண்டு. ஊழியர்களும் கலைஞர்களும் உட்பட ஒரே நேரத்தில் 499 பேர்வரை. 168 மணி நேரம்வரை. பத்து முழு வேலை நாட்களுக்கு முன் கொடுக்க வேண்டும். கொடுக்கும் நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் வராது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். நிகழ்ச்சிக்கு ஐந்து முதல் ஒன்பது வேலை நாட்களுக்கு முன் தரும் தாமத அறிவிப்பும் ஏற்கப்படும், ஆனால் போலீஸோ சுற்றுச்சூழல் நலத்துறையோ ஆட்சேபித்தால் விசாரணையே இல்லாமல் முடிந்துவிடும்.

காகித வழியிலும் பாகுபாடு புகும். லண்டன் மாநகரப் போலீஸ் 2005 முதல் வைத்திருந்த 696 என்ற படிவம், நிகழ்ச்சிக்கு 14 நாள் முன் கலைஞர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்டது. தொடக்கத்தில் எந்த இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்றும் கேட்டது. கறுப்பின இளைஞர்களின் கிரைம் (grime) என்ற லண்டன் ராப் வகை, பாஷ்மென்ட் என்ற ஜமைக்க நடன இசை ஆகியவற்றின் இரவுகள் வரிசையாக ரத்தாயின. கலைஞர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2017 நவம்பரில் கைவிட்டார்கள். லண்டனின் ஃபேப்ரிக் கிளப், இரண்டு இளைஞர்கள் போதைப்பொருளால் இறந்ததையடுத்து 2016 செப்டம்பரில் உரிமம் இழந்தது. ஆதரவாளர்களின் நிதி திரட்டலுக்கும் பேச்சுவார்த்தைக்கும் பின், புதிய கட்டுப்பாடுகள் 32-ஐ ஏற்று 2017 ஜனவரியில் திறந்தது.

பணமும் ஒரு கருவி. பெரிய விழாக்களில் போலீஸ் தன் சேவைக்குக் கட்டணம் கேட்கும். கேட்டுப் பெறாத காவலுக்கு, அதாவது விழாவுக்கு வெளியே ஊரில் சுற்றும் காவலுக்கு, அமைப்பாளரிடம் வசூலிக்க முடியாது என்று லீட்ஸ் விழா வழக்கில் 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சிறு அமைப்பாளர்கள் பலருக்கு இந்தத் தீர்ப்பே தெரியாது. கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார்கள்.

பிரிட்டனை விட்டுப்போன ஸ்பைரல் ட்ரைப் ஐரோப்பா எங்கும் 'டெக்னிவல்' எனும் இலவச டெக்னோ திருவிழாப் பழக்கத்தை விதைத்தது. பின்னாலேயே சட்டங்களும் வந்தன. பிரான்ஸ் 2001-இல் முன்கூட்டி அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. பின்னர் அதன் வரம்பு 500 பேர் ஆனது. இத்தாலியில் 2022 அக்டோபர் இறுதியில் மொடேனா நகரில் நடந்த ரேவை அடுத்து மெலோனி அரசு போட்ட அவசரச் சட்டத்தில், இடத்தை ஆக்கிரமித்துக் கூடும் 50 பேருக்கு மேற்பட்ட 'ஆபத்தான கூட்டம்' என்றுதான் இருந்தது. இசை என்ற சொல்லே இல்லை. அமைப்பாளருக்கு மூன்று முதல் ஆறு ஆண்டு சிறை. பள்ளியைப் பிடித்துப் போராடும் மாணவர்களையும் ஆலையை மறிக்கும் தொழிலாளர்களையும் இது பிடிக்கும் என்று எதிர்ப்பு எழுந்தபிறகு, இசை மற்றும் கேளிக்கைக் கூட்டம் என்று நாடாளுமன்றத்தில் சுருக்கினார்கள்.

பிரிட்டன் எதிர்த்திசையில் போனது. 2022-இன் காவல், குற்றம், தண்டனை மற்றும் நீதிமன்றங்கள் சட்டம், பேரணியின் சத்தத்தையே காரணமாக வைத்து நிபந்தனை போடும் அதிகாரத்தை போலீஸுக்குத் தந்தது. ஒற்றை ஆள் போராட்டத்துக்கும் அது பொருந்தும். நாடாளுமன்றத்தைச் சுற்றிய பகுதியில் ஒலிபெருக்கிக் கட்டுப்பாடுகள் விரிவடைந்தன. அவை நடைமுறைக்கு வந்த 2022 ஜூன் 28 அன்றே, அங்கே தினமும் நின்று பிரெக்சிட்டை எதிர்த்துவந்த ஒருவரின் ஆம்ப்ளிஃபையர்களை போலீஸ் பறிமுதல் செய்தது.